கண்டதும் காணாததும்: 'பராசக்தி'யும் அதனைப் பார்த்தோரும்

வேப்பிலையின் கைப்பு எங்கே இருக்கிறது? இலையிலா, நாவிலா? தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரை வகுத்த பழைய ஆசிரியர்கள் இதனை விளையாட்டாக எண்ணிப் பார்க்கவில்லை. சுவைக்கப்படும் பொருளும் சுவைக்கும் பொறியும் தலைக்கூடிய இடத்தே சுவை பிறக்கும் என்று அவர்கள் விளக்கிச் சென்றனர். கூத்துக் காண்பான் ஒருவனுடைய உள்ளத்தில் நிகழ்வதைத் தெளிவுபடுத்த வந்த அவ்வுரை, வெள்ளித்திரைக்கு முன்னே அமர்ந்திருப்பவனுக்கும் பொருந்தும். ஆயினும் திரைப்படங்களைக் குறித்து எழுந்த வழக்குகளைப் பார்த்தால், புகழ்ந்தோரும் இகழ்ந்தோரும் கைப்பு முழுவதும் இலையிலேயே இருப்பதாகக் கொண்டுதான் வாதிட்டிருக்கின்றனர். நாவைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலர்.

1952ஆம் ஆண்டில் ஒன்றையொன்று அறியாத இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்க நாட்டுக் 'கவ்பாய்' படம். 'ஹை நூன்' என்பது அதன் பெயர். உச்சிப் பொழுது என்று பொருள். மற்றொன்று அவ்வாண்டுத் தீபாவளித் திருநாளான அக்டோபர் 17ஆம் நாள் தமிழ்நாட்டில் திரைக்கு வந்த 'பராசக்தி'. முன்னதில் பேச்சு மிகக் குறைவு. பின்னதில் பேச்சே உயிர். முன்னதன் தலைவன் துப்பாக்கி ஏந்தியவன். பின்னதன் தலைவன் நாவையே படைக்கலமாகக் கொண்டவன். எனினும் இரண்டும் தத்தம் நாட்டில் கிளப்பிய பூசல் ஒரே வகையைச் சார்ந்தது. அமெரிக்கப் படத்தின் கதையை முதலில் பார்த்தால் தமிழ்ப் படத்தின் வழக்கு எளிதில் விளங்கும்.

சிற்றூர் ஒன்றின் காவல் தலைவன் வில் கேன். அன்றுதான் அவனுக்குத் திருமணம். பதவியைத் துறந்து, மனைவியோடு வேற்றூருக்குப் புறப்படுகிறான். அவ்வேளையில் செய்தி வருகிறது: முன்பு அவனால் சிறைப்பட்ட கொடியவன் விடுதலையாகிவிட்டான், பழி வாங்க நண்பகல் புகைவண்டியில் வருகிறான், அவனுடைய கூட்டாளிகள் மூவர் நிலையத்திலேயே காத்திருக்கின்றனர். கேன் ஊரை விட்டுப் போக மனமின்றித் திரும்புகிறான். துணை வேண்டி வீடு வீடாகச் செல்கிறான், மதுக்கடைக்குச் செல்கிறான், மாதா கோயிலுக்குள்ளும் சென்று நிற்கிறான். எவரும் முன்வரவில்லை. உற்ற நண்பனே வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு, தான் இல்லை என்று மனைவியை விட்டுச் சொல்லச் செய்கிறான். கொலையை வெறுக்கும் சமயத்தைச் சார்ந்த அவனுடைய புதுமனைவியே இறுதியில் துப்பாக்கியை எடுத்துக் கணவனைக் காக்கிறாள். பகைவர் மாண்டபின், ஒளிந்திருந்த ஊர் வெளியே வந்து சூழ்கிறது. கேன் ஒரு சொல்லும் பேசாமல், மார்பில் அணிந்திருந்த நட்சத்திரப் பதக்கத்தைக் கழற்றிப் புழுதியில் எறிந்துவிட்டு வண்டியேறிப் போகிறான். பிரெட் சின்னமன் இயக்கிய இப்படத்தில் கேனாக நடித்தவர் கேரி கூப்பர்.

இதிலே பூசலுக்கு இடம் யாது? படத்தின் கதையை எழுதிய கார்ல் போர்மன், பொதுவுடைமையரை வேட்டையாடிய விசாரணைக் குழுவின் முன் 1951ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டவர். நண்பர்களைக் காட்டிக் கொடுக்க மறுத்து, பிறகு இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். ஆகவே, துணைக்கு வராத அவ்வூரினர் அஞ்சி ஒடுங்கிய திரையுலகத்தாரே என்று கண்டோர் பலர். சோவியத் நாட்டுப் பத்திரிகையோ, தனிமனிதனை மிகையாகப் போற்றும் படம் என்று அதனைக் கடிந்தது. ஒரே படத்தைப் பொதுவுடைமைச் சார்பானது என்று ஒரு நாடும், பொதுவுடைமைக்கு மாறானது என்று மறு நாடும் ஐயுற்றன! அமெரிக்க அதிபர் ஐசனோவர் அதனை விரும்பிப் பார்த்தவர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

எல்லாவற்றிலும் சுவையானது ஜான் வெயின் என்ற நடிகரின் கதை. 1953ஆம் ஆண்டு, இப்படத்தில் நடித்தமைக்காகக் கூப்பருக்கு ஆஸ்கார் பரிசு வழங்கப்பட்டபோது, அவர் வராமையால் அவர் சார்பில் அதனைப் பெற்றுக்கொண்டவர் வெயின். இந்தப் பாத்திரம் தனக்குக் கிடைக்காமற் போயிற்றே என்று அந்த மேடையில் வேடிக்கையாகக் குறைப்பட்டும் கொண்டார். அவரே 1971ஆம் ஆண்டு அளித்த பேட்டியில், அமெரிக்கத் தன்மைக்கு முற்றிலும் மாறான படம் அது என்று சாடினார். இறுதியில் கூப்பர் அரசாங்கப் பதக்கத்தைக் காலடியில் இட்டு மிதித்தார் என்றும் சான்று காட்டினார். படத்தில் அப்படி ஒரு காட்சியே இல்லை. எறிவது உண்டு, மிதிப்பது இல்லை. எறிதல் மனக்கசப்பு, மிதித்தல் அவமதிப்பு. அவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை வெயினின் நினைவு கடந்து சென்றுவிட்டது. அவர் பொய் சொன்னார் என்று கொள்ள வேண்டியதில்லை. அவர் உள்ளத்தில் இருந்த சினம், படத்தில் இல்லாத காலடி ஒன்றைப் படைத்துக்கொண்டது. நல்ல காவலன் ஊராரிடம் உதவி கேட்டு அலையமாட்டான் என்று கருதிய ஓவார்டு ஆக்சு என்ற இயக்குநர், வெயினையே தலைவராக வைத்து 1959ஆம் ஆண்டில் 'ரியோ பிராவோ' என்ற மறுப்புப் படத்தையும் எடுத்தார். அதுவும் நல்ல படம்தான். பூசலினால் சில வேளை கலைக்கு ஆதாயம் உண்டு.

முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் போலந்து நாட்டில் நிகழ்ந்தது வேறு. 1989ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள் அங்கே தேர்தல். 'சாலிடாரிட்டி' என்ற தொழிலாளர் இயக்கம் ஒட்டிய சுவரொட்டியில் கேரி கூப்பர் நடந்து வருகிறார். கையில் துப்பாக்கிக்குப் பதிலாக வாக்குச் சீட்டு. மார்பில் நட்சத்திரத்துக்கு மேலே அவ்வியக்கத்தின் சின்னம். அமெரிக்கச் சிற்றூர்க் காவலன் போலந்துத் தொழிலாளியின் தோழனாகிவிட்டான். இலை ஒன்றுதான், நாக்குகள் எத்தனை!

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம்.

'பராசக்தி' பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவியது. நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார், ஏவி. எம். நிறுவனத்தோடு சேர்ந்து தயாரித்தார். கிருஷ்ணன், பஞ்சு இருவர் இயக்கினர். உரையாடலை மு. கருணாநிதி எழுதினார். சிவாஜி கணேசனுக்கு இதுவே முதற் படம். இவையெல்லாம் வாசகர் அறிந்தவையே. கதையை மட்டும் ஒருமுறை முறையாக நினைவுகூர வேண்டும், ஏனெனில் நினைவில் நிற்பது கதையின் ஒரு துண்டுதான்.

இரங்கூனிலே மூன்று அண்ணன் தம்பியர்: சந்திரசேகரன், ஞானசேகரன், குணசேகரன். தங்கை கல்யாணி தந்தையோடு மதுரையில் இருக்கிறாள். அவள் திருமணத்துக்கு மூவரும் செல்ல விரும்புகின்றனர். போர்க்காலம், கப்பலில் ஒரே சீட்டுத்தான் கிடைக்கிறது, இளையவன் குணசேகரன் புறப்படுகிறான். கப்பல் காலந் தாழ்ந்து வந்து சேர்கிறது. அதற்குள் தங்கையின் கணவன் இறக்கிறான்; தந்தையும் இறக்கிறார்; வீடு ஏலத்தில் போகிறது. கைக்குழந்தையோடு கல்யாணி இட்லிக் கடை வைக்கிறாள். சென்னையில் இறங்கிய குணசேகரன், ஒரு பெண்ணின் சூழ்ச்சியால் கைப்பொருள் அனைத்தும் இழக்கிறான். கல்யாணியைத் தொல்லைப்படுத்துவோர் ஒருவர் பின் ஒருவராக வருகின்றனர்: ஊர்ப் போக்கிரி ஒருவன், கள்ளச் சந்தைக்காரன் ஒருவன், இறுதியில் கோயில் பூசாரி. வாழ வழியற்றுக் குழந்தையை ஆற்றில் எறிந்து, கொலைக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிற்கிறாள். நீதிபதி அவளுடைய மூத்த அண்ணன். அவள் யார் என்பதை அவர் அறியார். பூசாரியைத் தாக்கிய குணசேகரனும் அங்கே நிறுத்தப்படுகிறான். அவன் அங்கே பேசிய பேச்சைத்தான் தமிழுலகம் மனப்பாடம் செய்தது.

மனப்பாடம் செய்தது என்பது மிகைக்கூற்று அன்று. சென்னை மூர் மார்க்கெட்டுப் பகுதியில் தெருவோரக் கலைஞர்கள் அப்பகுதிகளைப் பேசிக் காட்டிப் பணம் பெற்றனர். கதை வசனப் புத்தகம் பரவலாக விற்பனையாயிற்று. நாடகக் குழுவில் சேர விரும்பிய இளைஞன் அந்த நீதிமன்றப் பேச்சைப் பேசிக் காட்டித் தன் திறமையை மெய்ப்பிக்க வேண்டியவனானான். மறுபுறம் எதிர்ப்பும் மூண்டது. சமயத்தைப் பழிக்கிறது, தடைசெய்க என்று வேண்டுகோள்கள் எழுந்தன. அப்போது சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் இராஜாஜி. அவர் கொள்கைக்கு உடன்பாடில்லாத படம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் படம் தடைசெய்யப்படவில்லை. ஒரு வார இதழ் 'பரப்பிரம்மம்' என்று தலைப்பிட்டுக் கடுமையாகத் திறனாய்ந்தது. உடனே அந்தத் தலைப்பையே பெயராகக் கொண்டு கருணாநிதி ஒரு நாடகம் எழுத, அது ஊர் ஊராக நடிக்கப்பட்டது. 'ஹை நூனு'க்கு ஒரு 'ரியோ பிராவோ' போலப் 'பராசக்தி'ப் பூசலுக்கு ஒரு 'பரப்பிரம்மம்'.

தமிழ்நாட்டின் வெயின்களும் இல்லாமற் போகவில்லை. 'கடவுள் இல்லை என்று சொல்லும் படம்' என்பது இன்றுவரை பலர் வாயில் வழங்கும் முடிபு. ஆதரித்தோரும் அவ்வாறே சொல்லி மகிழ்ந்தனர். எதிர்த்தோரும் அவ்வாறே சொல்லி வெகுண்டனர். நீதிமன்றத்தில் குணசேகரன் தரும் விளக்கத்தைச் செவிகொடுத்துக் கேட்டால் வேறு பொருள் கிடைக்கிறது. கோயிலின் மீது தனக்குப் பகையில்லை, தீயவர் அங்கே புகலிடம் பெறுவதையே தான் பொறுக்கவில்லை என்றுதான் அவன் வாதிடுகிறான். கதையை எழுதியவரின் சொந்தக் கொள்கை யாது என்பது வேறு கேள்வி. திரையில் பேசப்பட்டது இதுவே. 1949ஆம் ஆண்டு வந்த அண்ணாவின் 'வேலைக்காரி'யில் தலைவன் காளியின் முன் நின்று சினந்து பூசைப் பொருள்களை வீசியதும், மேடைகளில் கேட்ட சொற்பொழிவுகளும், அக்காலத்துக் கட்சிப் பகைமையும் எல்லாமாகச் சேர்ந்து 'பராசக்தி'யின் மீது ஏற்றப்பட்டன. எறிந்ததை மிதித்ததாக நினைவுகொண்ட நடிகரைப் போலவே, கேட்டதற்கு மேலும் கேட்டனர் தமிழரும்.

காணாததைக் கண்டது ஒருபுறம் இருக்க, கண்முன் நின்றதைக் காணாமல் விட்டதே இப்படத்துக்கு நேர்ந்த பெருங்குறை.

கல்யாணிக்குத் தீங்கிழைப்போர் வரிசையைத் திரும்பப் பார்க்க வேண்டும். போக்கிரிக்குச் சமயம் இல்லை. கள்ளச் சந்தைக்காரன் வணிகன். குணசேகரனைக் கொள்ளையிட்டவள் நாகரிக நங்கை. வீட்டை ஏலத்தில் எடுத்தவனுக்கு வேண்டியது பணம். இத்தனை பேருள் பூசாரி ஒருவன். வரிசையில் இறுதியில் வருபவன். வழக்காடியவர்களோ மற்றவர் அனைவரையும் விடுவித்துப் பூசாரி ஒருவனையே கூண்டில் ஏற்றினர். பூசாரியைக் காத்தற்குப் பேசியவரும், பூசாரியை ஒழித்தற்குப் பேசியவரும் கள்ளச் சந்தைக்காரனைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவனுக்கு இதைவிட நல்ல வழக்கறிஞர் கிடைத்திருக்க முடியாது.

இன்னும் ஆழமானது ஒன்று உண்டு. இந்தக் கதை கடல் கடந்து சென்ற தமிழர் தாயகம் திரும்பும் கதை. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் சப்பானியர் விமானங்கள் இரங்கூனில் குண்டு வீசின. அதன்பின் இந்தியர் நான்கைந்து இலட்சம் பேர் காடும் மலையும் கடந்து நடந்து வந்ததாகக் கணக்கிடுவர். வழியில் மாண்டோர் மிகப் பலர். கப்பலில் இடம் கிடைத்தோர் சிலரே. மூன்று உடன்பிறந்தாருக்கு ஒரு சீட்டு என்ற கதை நிகழ்ச்சி நாடகக்காரரின் கற்பனை மட்டும் அன்று. அந்நாளைய உண்மையும் அதுதான். படம் வந்தபோது அந்நடைப்பயணம் முடிந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. திரையரங்கில் இருந்தோருள் பலர் வீட்டில் பர்மாவிலிருந்து வந்தவர் ஒருவரேனும் இருந்திருப்பர். அப்படியிருந்தும் அன்றைய பூசலில் இரங்கூன் என்ற சொல் ஒலித்ததாகத் தெரியவில்லை.

குணசேகரன் பைத்தியம் போல் நடிக்கும் பகுதியை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். கணேசனின் நடிப்புத் திறனுக்கு எடுத்துக்காட்டாகவும், நகைச்சுவைப் பகுதியாகவும் அதனைப் போற்றியோர் ஆயிரவர். அவன் ஏன் அப்படி நடிக்கிறான் என்று கேட்டோர் அருகினர். தங்கையைக் கண்டுபிடித்துவிட்டான், அவள் இட்லி சுடும் கடைக்கு முன்னாலேயே சுற்றிச் சுற்றி வருகிறான், அவளைக் காக்கவும் செய்கிறான், ஆயினும் 'நான் உன் அண்ணன்' என்று சொல்ல அவனால் முடியவில்லை. காரணம், கையில் ஒன்றும் இல்லை. சீமையிலிருந்து வந்தவன் வெறுங்கையோடு தங்கை முன் நிற்க நாணுகிறான். பைத்தியக்காரன் என்று இகழப்படுவது அவனுக்குப் பொறுக்கக்கூடிய துன்பம். வெறுங்கையன் என்று அறியப்படுவது பொறுக்க முடியாதது.

இந்த நாணத்தை மதுரைவாசி விளங்கிக்கொள்ள முயல வேண்டும். மலாக்காத் தோட்டத்துக்காரர்க்கு விளக்கமே வேண்டியதில்லை. 'ஊருக்குப் போதல்' என்பது ரெம்பியா, அலோர் காஜா, தம்பின் வட்டாரத்துப் பால்மரக் காடுகளில் வாழ்ந்த முதியோருக்கு வாழ்நாள் முழுதும் நீண்ட ஓர் ஆயத்தம். இரும்புப் பெட்டி ஒன்று, அதில் புடைவையும் வேட்டியும், உடன்பிறந்தாள் பிள்ளைக்கு ஒரு பொன்துண்டு. இவை சேராதவரை 'ரஜூலா'க் கப்பலுக்குச் சீட்டு வாங்க மனம் வராது. சேர்ந்தும் போகாமல் தங்கினோர் உண்டு. சேராமலே மண்ணானோர் மிகுதி. கடிதம் எழுதுவதை நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. ஊரிலிருந்து பார்த்தால் அவர்கள் மறந்துபோனவர்கள். உண்மையில் அவர்கள் குணசேகரனைப் போன்றவர்கள். இருக்கிறோம் என்று சொல்லத் தயங்கியவர்கள்.

பர்மா என்ற பெயரும் இங்கே வேறு ஒலியுடையது. சயாமையும் பர்மாவையும் இணைக்கச் சப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் இரும்புப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் பாதை முடிந்தது. போனவர்களுள் திரும்பாதவர் எண்ணிலர். ஆகவே போரினால் சிதறிய குடும்பம் ஒன்றைத் திரையில் கண்டபோது, லயத்துப் பெண்கள் அழுதது கதைக்காக மட்டும் இருந்திருக்க இயலாது. அந்த அழுகைக்கு வழக்கில் இடம் இல்லாமற் போயிற்று. அழுகை அறிக்கை விடுவதில்லை. கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுவதும் இல்லை.

மலாயாவில் அந்நாளில் தமிழரிடையே இருந்த நிலையும் கருதத்தக்கது. 1948ஆம் ஆண்டு முதல் 1960ஆம் ஆண்டு வரை நெருக்கடிநிலை. முள்வேலிக்குள் குடியேற்றம், ஊரடங்கு, சோதனை ஆகியவற்றுக்கு நடுவேதான் படம் பார்க்க வேண்டும். தகவல் இலாகாவின் வண்டி தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டியது அரசாங்கச் செய்திப் படங்களை. கதைப் படம் வேண்டுமானால் நகரத்துக் கொட்டகைக்குப் போக வேண்டும். விடியற்காலைப் பெரட்டுக்குத் திரும்பியும் ஆக வேண்டும். மற்றொருபுறம், சீர்திருத்தக் கருத்து இங்கே புதிதன்று. பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் வந்து சென்றார், மலாயாத் திராவிடர் கழகம் போருக்குப் பின் தோன்றியது, கோ. சாரங்கபாணியின் முயற்சியால் தமிழர் திருநாள் முதன்முதலாகக் கொண்டாடப்பட்டது 'பராசக்தி' வெளிவந்த அதே 1952ஆம் ஆண்டில்தான். தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் உண்டு. அதே தோட்டத்தில் சீர்திருத்தப் படிப்பகமும் இருந்தது. தீமிதித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவனே மறுவாரம் படிப்பகத்தில் நாளேட்டை உரக்கப் படித்துக் காட்டியதும் உண்டு. இவனைப் பக்தன் அணியில் சேர்ப்பதா, பகுத்தறிவாளன் அணியில் சேர்ப்பதா? தமிழ்நாட்டுப் பூசலின் அளவுகோல் இவனிடம் பயன்படாது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 'பராசக்தி'க்கு முன்னும் நல்ல தமிழ் பேசிய படங்கள் உண்டு. ஆயினும் ஏழை ஒருவன் நீதிமன்றத்தில் நின்று, எழுத்துத் தமிழின் முழு வீச்சோடு தன் வழக்கைத் தானே உரைப்பது மக்களுக்குப் பெரு வியப்பாக இருந்தது. சிலப்பதிகாரத்தில் மதுரை அவையில் கண்ணகி நின்ற நிலையோடு இதனை ஒப்பிட்டோர் உள்ளனர், அவ்வொப்புமை தகும். கணவனை இழந்தவள் மதுரையில் நீதி பெறாமல் அலைவது இரண்டிலும் பொது. கண்ணகி தானே பேசினாள். கல்யாணிக்காக அண்ணன் பேசுகிறான் என்னும் வேறுபாட்டையும் மறக்கலாகாது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பால்வாளி தூக்கிய சிறுவர்க்கு அவ்வுரையாடல் ஏழாம் வகுப்பாயிற்று. நிறுத்தி உச்சரிக்கவும், லகர ளகர ழகரம் பிரிக்கவும், கூட்டத்தின் முன் நடுங்காமல் நிற்கவும் அது கற்பித்தது. இத்தனை நன்மையோடு ஒரு தொல்லையும் வந்து சேர்ந்தது. கட்டுரை ஏட்டில் பசுவைப் பற்றி எழுதச் சொன்னாலும் பசுவுக்கு மூன்று அடுக்கு மோனை கட்டாமல் விடாத மாணவர் தலைமுறை ஒன்று உருவாயிற்று. திருத்திய சிவப்பு மைக்குக் கணக்கில்லை.

படத்தின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. தற்செயல் நிகழ்ச்சிகள் அளவு கடந்தவை. ஆற்றில் எறிந்த குழந்தை படகில் விழுந்து பிழைப்பதும், குற்றவாளியின் அண்ணனே நீதிபதியாக வாய்ப்பதும் பழைய நாடக மேடையின் மிச்சங்கள். நீண்ட பேச்சுக்காகப் படப்பிடிப்புக் கருவி ஓரிடத்தில் நின்று காத்துக்கொண்டிருக்கிறது. 'ஹை நூனி'ல் கடிகாரமும் வெறிச்சோடிய தெருவும் காத்திருக்கும் தண்டவாளமும் பேசுகின்றன. கேன் வாய் மூடியிருக்கிறான். தமிழ்ப் படத்தில் மௌனத்துக்கு வேலையே இல்லை. குணசேகரன் பேசாமல் தங்கையின் கடையைப் பார்த்து நிற்கும் சில நொடிகள் உண்டு. நீதிமன்றப் பேச்சு முழுவதையும்விட அவை ஆழமானவை என்று சொன்னால் பலர் ஒப்பமாட்டார்கள். ஆயினும் ஒருமுறை ஒலியைத் தாழ்த்திவிட்டுப் பார்க்கலாம்.

படத்தை மீண்டும் பார்க்கும் வாய்ப்பு இன்று எவர்க்கும் உண்டு. முன்போல் கொட்டகைக்கு வண்டி பிடிக்க வேண்டியதில்லை, கைப்பேசியிலேயே வருகிறது. பள்ளி விழாவுக்கு மாணவரைப் பழக்க விரும்பும் ஆசிரியர்கள் நேரே நீதிமன்றக் காட்சிக்குத் தாண்டிச் செல்வது வழக்கமாகிவிட்டது. அதற்கு முந்திய பகுதியில்தான் இந்நாட்டுத் தமிழரின் பாட்டன் பாட்டியர் வருகின்றனர். 1964ஆம் ஆண்டுக்குப் பின் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அனுப்பப்பட்டோரும், 1969ஆம் ஆண்டுக்குப் பின் வேலை உரிமம் கிடைக்காமல் மலேசியாவை விட்டுக் கப்பலேறிய பல்லாயிரவரும், தாங்கள் இறங்கிய துறைமுகத்தில் குணசேகரன் கண்ட சென்னையைக் கண்டிருக்கக் கூடும். படம் அவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. அதனைப் பற்றிய பேச்சில் அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

நடு அண்ணன் ஞானசேகரனையும் இவ்விடத்தில் மறந்துவிடக் கூடாது. எஸ். எஸ். இராஜேந்திரனுக்கு இப்படத்தில் கிடைத்த பாத்திரம் அது. மூத்தவர் நீதிபதியானார், இளையவன் தலைவனானான், நடுவிலவன் பர்மாவிலிருந்து வரும் வழியில் குண்டுவீச்சில் ஒரு காலை இழந்து, பிச்சைக்காரர்களைத் திரட்டிச் சங்கம் அமைக்கிறான். நன்கொடை கேட்டு வந்த இடத்தில்தான் உடன்பிறந்தாரை மீண்டும் காண்கிறான். அவனுடைய பேச்சை எவரும் மனப்பாடம் செய்ததாகத் தெரியவில்லை. அவன் வரும் காட்சிகளில் கொட்டகை சிரித்தது. மூவருள் நடந்து வந்தவன் அவன்.